நிரந்தர நிறுத்தம்

சக்கரத்தைக் கண்டுபிடித்த ஆளுக்குப் பிறகு, மனித குலத்தின் போக்குவரத்துக்குப் பெரும் தொண்டாற்றியவர் யார் என்று உங்களை யாராவது கேட்டால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், கண்ணுகளா. எங்கள் வட்டாரப் பயணிகள் ரயில் சேவையின் மேலாளர் என்று பட்டென்று சொல்லிவிடுங்கள். சக்கரத்தைக் கண்டுபிடித்த ஆள் அதை உருட்டிவிட்டதோடு சரி. உருண்டுகொண்டிருந்த சக்கரத்தை, மக்களே கேட்டுக்கொண்டபடி நிறுத்திக் காட்டிய பெருமை எங்கள் மேலாளர் ஒருவரையே சேரும்.

இந்த வரலாற்றைப் பட்டம் வாங்கியவர்கள் எழுதியிருக்க வேண்டும். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது போலிருக்கிறது. அதனால் நான் சொல்கிறேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். நிர்வாகத்தைப் போல நான் உங்களைப் பாதி வழியில் இறக்கிவிட மாட்டேன்.

முதலில் ரயில். இரண்டு பெட்டி, ஓர் எஞ்சின். எஞ்சின் சரக்குக் கிடங்கிலிருந்து 'அயல்பணி'யில் வந்தது. பெட்டிகள் வேறெங்கோ ஓடி ஓய்ந்து, வயது முடிந்து, இங்கே 'மறுநியமனம்' பெற்றவை. புதிதாக நீலச் சாயம் அடித்தபோது ஜன்னல் சட்டங்களையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். அதனால் பாதி ஜன்னல்கள் திறக்காது. திறந்த பாதி மூடாது. மழை பெய்தால் இந்த வரிசைக்காரர் நனைவார், அந்த வரிசைக்காரர் புழுங்குவார். நிர்வாகம் இதற்குத் 'தட்பவெப்பச் சமநிலை' என்று பெயர் வைத்திருந்தது.

விடிகாலையில் சந்திப்பு நிலையத்தில் கிளம்பும். எங்கள் ஊர் வழியாக வந்து, மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் புகுந்து, பெரிய நகரத்துக்குப் போகும். சாயங்காலம் அதே வழியில் திரும்பும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த உலகம். ஆனால் அந்த உலகம் எங்களுக்குப் பெரிது. பஸ்ஸில் போவதென்றால் மலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இரண்டு இடத்தில் மாறி, நகரத்தில் இறங்கும்போது போன காரியமே மறந்துபோயிருக்கும்.

தொடக்க விழாவுக்கு மேலாளர் ரயிலிலேயே வந்தார். மெலிந்த உடம்பு, கனத்த குரல். சட்டைப் பையில் மூன்று பேனாக்கள். எதையும் அவர் திறந்து நான் பார்த்ததில்லை. எழுதுவதற்கென்று அவர் பின்னால் ஓர் உதவியாளர் வந்தார். அவர் பேசவே மாட்டார், குறித்துக்கொள்வார்.

"இந்த ரயில் உங்கள் ரயில்!" என்று முழங்கினார் மேலாளர்.

"எங்க ஊர்ல நிக்குமாங்க?" என்று கேட்டது என் மாப்பிள்ளை. என் மகளின் கணவர். நிலையத்துக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிறார். சைக்கிளோ மோட்டார் வண்டியோ, ஓட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டே பழகிய வாய்.

"நிக்கும். ஆனா இப்போதைக்குத் தற்காலிகமாத்தான் நிக்கும்."

"எல்லா ஊர்லயும் ரயில் தற்காலிகமாத்தானேங்க நிக்குது? ஒரேயடியா நின்னுட்டா அப்புறம் எப்படிங்க கிளம்பும்?"

கூட்டம் சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை. "நல்ல கருத்து. குறிச்சுக்குங்க" என்றார். உதவியாளர் குறித்துக்கொண்டார். நிர்வாகத்தில் எதுவும் வீண்போகாது, செல்லங்களா. எதை எங்கே எடுத்து வைப்பார்கள் என்பதுதான் நமக்குத் தெரியாது.

அன்றைக்கே நடைமேடையில் பலகை நட்டார்கள். ஊர்ப் பெயர் சின்ன எழுத்தில். அதன் கீழே 'தற்காலிக நிறுத்தம்' என்று ஆளுயர எழுத்தில். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டாவது வரி மட்டும்தான் தெரியும். புதிதாக வந்து இறங்கிய ஒரு மருந்து விற்பனையாளர், "தற்காலிகத்துல நல்ல சாப்பாட்டுக் கடை எங்கங்க இருக்கு?" என்று ஊருக்குள் விசாரித்துக்கொண்டு வந்தார். நாங்களும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த உலகத்தில் யார்தான் நிரந்தரம்?

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயிலின் வரலாற்றில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அவளுக்குத்தான் வேலை.

நகரத்துப் பெரிய மருத்துவமனையில் துணிப் பிரிவில் இருக்கிறாள். கட்டில் விரிப்பு, தலையணை உறை, அறுவை மருத்துவர் போடும் பச்சை அங்கி, எல்லாம் அவள் கை வழியாகத்தான் சலவைக்குப் போய் வரும். காலையில் முதல் ஆளாக வேலையில் நிற்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் நடக்காது. அதனால் கல்யாணமான நாளிலிருந்து நகரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் கட்டில் பிடித்துத் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. அவர் கடையை விட்டுப் போக முடியாது, அவள் வேலையை விட்டு வர முடியாது, ஒருவர் வருமானத்தில் இருவர் இருக்க முடியாது. கல்யாணமாகிப் பத்துப் பதினோரு வருஷம் ஆகியும் மாப்பிள்ளை அவளை வாசலில் பார்த்தால், "வாங்க, உட்காருங்க" என்றுதான் சொல்வார். தப்பில்லை. வாரத்துக்கு ஒரு தடவை வருகிற ஆளிடம் வேறெப்படிப் பேசுவது?

ரயில் வந்தது. விடிகாலையில் ஏறினால் நேரத்துக்கு வேலை. சாயங்காலம் ஏறினால் விளக்கு வைக்கும்போது வீடு. அவள் தினமும் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள்.

முதல் வாரமே ஒரு செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, வாங்க. உடம்பு சரியில்லையா?"

"சண்டைங்க அத்தை."

"யாரோட?"

"உங்க மகளோடதான். டீ குடிச்ச டம்ளரைக் கழுவாம வச்சுட்டேனாம். ஒரு டம்ளருக்கு ஒரு மணி நேரம் பேசறா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகளை வாழவைத்த ரயிலை நினைத்து. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துக்கொள்கிற புருஷன் பெண்டாட்டி சண்டை போட முடியாது, கண்ணுகளா. போட்டால் சமாதானமாக நேரம் இருக்காது. திங்கட்கிழமை வந்துவிடும். நடு வாரத்தில் ஒரு டம்ளருக்காகச் சண்டை போடுவது என்பது ஒரு வசதி. பெரிய வீட்டுக்காரர்கள் அனுபவிக்கிற வசதி. அதை எங்களுக்கு இரண்டு பெட்டி வண்டியில் கொண்டுவந்து இறக்கியது நிர்வாகம். அந்தப் புகழை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் 'தற்காலிக நிறுத்தம்' என்றால் தற்காலிகம்தான். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நடைமேடைத் தூணில் ஒரு தாள் ஒட்டுவார்கள். 'நிறுத்தம் மேலும் ஒரு மாதத்துக்கு நீட்டிக்கப்படுகிறது.' தாள் ஒட்டும் வரைக்கும் ஊர் மூச்சு விடாது. என் மகள் விடுதிக் கட்டிலைக் காலி செய்யாமல் வைத்திருந்தாள். ரயில் நம் ஊரில் நிற்காமல் போய்விட்டால் திரும்பி ஓடுவதற்கு ஓர் இடம் வேண்டாமா?

விடுதிக் காப்பாளர் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "படுக்க வராதவளுக்கு எதுக்கும்மா கட்டில்? வரிசையில பதினஞ்சு பொண்ணுங்க நிக்குறாங்க. மாசக் கடைசிக்குள்ள சொல்லிடு. கட்டிலா, வீடா?" என்று கேட்டுவிட்டாள்.

மகள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "கட்டிலை விட்டா மறுபடி கிடைக்காதும்மா. விடாம இருந்தா ஒத்தைக் காலை அங்கேயே வச்சிருக்கற மாதிரி இருக்கு. இந்தப் பாழாப்போன ரயில் நிக்குமா நிக்காதான்னு ஒரு வார்த்தை யாராவது சொன்னா போதும்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மாப்பிள்ளையின் பஞ்சர் கடையில் ஊர்க் கூட்டம் கூடியது. மேலாளர் அடுத்த வாரம் ஆய்வுக்கு வருகிறார் என்று செய்தி. அவர் முன்னால் எல்லோரும் ஒரே குரலில் கேட்டுவிடுவது என்று முடிவு. என்ன கேட்பது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்படிக் கேட்பது என்பதில்தான் சிக்கல்.

"ட்ரெய்ன் இங்க பெர்மனெண்டா ஸ்டாப் ஆகணும். இதைத் துணில எழுதிக் கட்டிடுவோம்" என்றார் மாப்பிள்ளை, டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே.

மூலையில் உட்கார்ந்திருந்த வாத்தியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். ஊரில் அவருக்குப் பெயர் 'திருத்தம்'. கல்யாணப் பத்திரிகை முதல் கல்லறை எழுத்து வரை எதுவானாலும் அவர் கண்ணில் பட்டுத்தான் வெளியே போக வேண்டும். பால்காரர் வீட்டுப் பிள்ளை காதலித்த பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில்கூட அவர் மூன்று ஒற்றுப் பிழை எடுத்துக் கொடுத்தார். பெண் கிடைக்கவில்லை. கடிதம் பிழையில்லாமல் திரும்பி வந்தது.

"ஒரு வரியில மூணு அயல்சொல்! இதைக் கேக்கவா நான் உயிரோட இருக்கேன்?"

"நீங்களே சொல்லுங்க சார். ஸ்டாப்புக்கு என்ன?"

"நிறுத்தம்."

"பெர்மனெண்டுக்கு?"

"நிரந்தரம். சேர்த்துச் சொல்லு. நிரந்தர நிறுத்தம். பாத்தியா, அஞ்சு சொல்லு ரெண்டு சொல்லாச்சு. மோனை வேற தானா வந்து விழுது. தற்காலிக நிறுத்தம் வேண்டாம், நிரந்தர நிறுத்தம் வேண்டும்! தமிழ் நமக்கு எவ்வளவு செய்யுது, நாம தமிழுக்கு என்ன செஞ்சோம்?"

எல்லோரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தோம். வாய்க்கு இதமாகத்தான் இருந்தது. நானும் சொன்னேன். என் மகள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

மேலாளர் வந்தார். நடைமேடை முழுக்க ஊர். மஞ்சள் துணியில் திருத்தம் வாத்தியார் கையால் எழுதிய கொட்டை எழுத்து.

"வேண்டும் வேண்டும்!"

"நிரந்தர நிறுத்தம் வேண்டும்!"

ரயிலிலிருந்து இறங்கிய மேலாளர் படியிலேயே நின்றுவிட்டார். துணியை ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. ஒருவர் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த சாவி தன் பையிலேயே இருக்கக் கண்டால் எப்படி இருக்கும்? அப்படி.

"இது உங்க எல்லாரோட கோரிக்கையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா!"

"நிரந்தர நிறுத்தம். அதைத்தானே கேக்கறீங்க?"

"அதைத்தான்!"

"யாரும் உங்களை வற்புறுத்தலையே?"

"இல்ல!"

"பின்னால மாத்திப் பேச மாட்டீங்களே?"

"மாட்டோம்!" இதைச் சொன்னபோது திருத்தம் வாத்தியாரின் குரல்தான் மேலே கேட்டது.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பணிக்காலத்துல இப்படி ஒரு கோரிக்கை வச்ச ஜனங்களை நான் பார்த்ததே இல்ல. மேலிடத்துல ரொம்ப நாளா இதைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்காங்க. ஜனங்க என்ன சொல்வாங்களோன்னுதான் தயங்கினாங்க. கவலைப்படாதீங்க. இந்த வாரத்துக்குள்ள நிரந்தர நிறுத்தம் உங்களுக்கு உண்டு. இது என் வாக்கு." உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். "குறிச்சுக்குங்க. துணியைப் படம் எடுத்துக்குங்க. எழுத்து தெளிவா விழணும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எங்கள் ஊர் பத்து வருஷமாக நடைமேடைக்குக் கூரை கேட்டது, விளக்கு கேட்டது, குடிதண்ணீர்க் குழாய் கேட்டது. ஒன்றும் வந்ததில்லை. ரயில் வருவதற்கு முன்னால் நடைமேடை எதற்கு என்கிறீர்களா? சரக்கு வண்டிக்காகக் கட்டிய மேடை, கண்ணு. அதில்தான் ஊர் காற்று வாங்கும். விஷயம் அதுவல்ல. கேட்டது கேட்ட இடத்திலேயே கிடைத்தது எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை என் மகள் விடுதிக் கட்டிலை விட்டுவிட்டாள். சனிக்கிழமை சாயங்கால ரயிலில் அவள் தகரப் பெட்டி வந்தது, பக்கெட் வந்தது, மூலை உடைந்த முகக்கண்ணாடி வந்தது. மாப்பிள்ளை கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, சுவரில் அவள் கைப்பை மாட்ட ஓர் ஆணி அடித்தார். கடையில் டயர் கழற்றும் கையால் அடித்த ஆணி. பாதிச் சுவர் உதிர்ந்தது. அவள் திட்டினாள். அவர் சிரித்தார். நான் என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் வந்தது. பெட்டிகளை நடைமேடையில் விட்டுவிட்டு எஞ்சின் மட்டும் கழன்று போயிற்று. 'பராமரிப்பு', விடிவதற்குள் வந்து மாட்டிக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டோம். நல்ல நிர்வாகத்தைப் பற்றி நல்லதாகத்தானே நினைக்க வேண்டும்?

திங்கட்கிழமை விடிகாலை எல்லோரும் வழக்கம்போல ஏறி உட்கார்ந்தார்கள். நானும் அன்றைக்குக் கண் மருத்துவரிடம் போவதற்காக மகளோடு ஏறினேன். சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அவள் கூந்தலை முடிந்தாள். ரயில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"என்னம்மா, இன்னும் எடுக்கலை?"

"டிரைவர் டீ குடிக்கறாரு போல."

"டிரைவர் எங்க இருக்காரு? எஞ்சினே இல்லையே!"

பின்வரிசையில் தூங்கி விழுந்துகொண்டிருந்த தையல்காரர் கண் விழித்து, "நகரம் வந்துடுச்சா?" என்று கேட்டு இறங்கப் போனார். ஜன்னல் வழியே தன் வீட்டையே பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். நன்றாக வெளுத்தது. மகள் எழுந்து வாசலுக்கும் இருக்கைக்குமாக நடக்க ஆரம்பித்தாள். விரிப்பு மாற்ற வேண்டிய கட்டில்கள் அங்கே காத்துக்கொண்டிருக்கும்.

அப்போது ரயில்வே உடுப்பில் ஒருவர் பசை வாளியோடு சைக்கிளில் வந்தார். பெட்டியின் கதவிலேயே ஒரு தாளை ஒட்டினார். மகள் அதை உரக்கப் படித்தாள்.

'பொதுமக்களின் ஒருமித்த கோரிக்கையைக் கனிவுடன் பரிசீலித்து, இந்த ரயில் சேவைக்கு இன்று முதல் நிரந்தர நிறுத்தம் வழங்கப்படுகிறது.'

மகள் தாளை இன்னொரு தடவை மனதுக்குள் படித்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்மா, நான் கட்டிலை விட்டுட்டேனே" என்றாள்.

அன்று மத்தியானமே பஸ் பிடித்து மேலாளர் அலுவலகத்துக்குப் போனோம். மாப்பிள்ளை, திருத்தம் வாத்தியார், நான். மகள் வேலைக்கு ஓடிவிட்டாள். நல்ல அலுவலகம். வாசலில் 'உங்கள் சொல்லே எங்கள் கட்டளை' என்று பித்தளையில் பொறித்திருந்தார்கள். எங்களை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, அதன் பிறகுதான் பேசினார் மேலாளர். அந்த மரியாதையை நான் குறை சொல்ல மாட்டேன்.

"ரயில் வரலைங்க" என்றார் மாப்பிள்ளை.

"வரலையா? அங்கதானே நிக்குது?"

"நிக்குதுங்க. போகலை!"

"நிக்கணும்னு தானே கேட்டீங்க?"

"நின்னுட்டுப் போகணும்னு கேட்டோங்க!"

"அப்படி எழுதலையே?" மேலாளர் மஞ்சள் துணியின் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். "நிரந்தர நிறுத்தம். போறதைப் பத்தி இதுல ஒரு வார்த்தை காட்டுங்க பார்ப்போம்."

திருத்தம் வாத்தியார் எழுந்தார். "நிறுத்தம் என்றால் வண்டி நிற்கும் இடம், ஐயா. பெயர்ச்சொல்!"

"நிறுத்துதல்னும் அர்த்தம் உண்டுங்களே. தொழிற்பெயர். போர் நிறுத்தம்னு சொல்றோம். போர் வந்து நின்னுட்டுப் போற இடம்னா அதுக்கு அர்த்தம்?"

வாத்தியார் வாயைத் திறந்தார். திறந்தபடியே உட்கார்ந்தார். பிறகு அவர் தாழ்ந்த குரலில், "இலக்கணப்படி சரிதான்" என்றார்.

மாப்பிள்ளை அவரைப் பார்த்த பார்வையை நான் சொல்ல மாட்டேன்.

"சரிங்க ஐயா" என்றேன் நான். "எங்களுக்கு மொழி தெரியலை. இப்ப நல்லாப் புரியற மாதிரி கேக்கறோம். ரயில் ஓடணும்."

"அப்படியா? இது புதுக் கோரிக்கை ஆச்சே." மேலாளர் மகிழ்ச்சியோடு நிமிர்ந்தார். "தாராளமாக் கேளுங்க. பிழையில்லாம எழுதிக் குடுங்க. என்ன எழுதறீங்களோ அது அப்படியே நடக்கும்."

வாத்தியார் ஒவ்வோர் எழுத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து எழுதினார். 'எங்கள் ஊரில் நிற்கும் ரயில் உடனே ஓட வேண்டும்.' மேலாளர் படித்தார். தலையாட்டினார். உதவியாளரிடம் கொடுத்தார்.

மறுநாள் ஓர் எஞ்சின் வந்தது. எங்கள் ஊர் மறுபடியும் கைதட்டியது, கண்ணுகளா; நாங்கள் அவ்வளவு நல்லவர்கள். எஞ்சின் இரண்டு பெட்டிகளையும் மாட்டிக்கொண்டு ஓடியது. சந்திப்பு நிலையம் தாண்டி, வட்டாரம் தாண்டி, பழைய இரும்பு பிரிக்கிற இடம் வரைக்கும் ஓடியது. நாங்கள் கேட்டதில் எந்த ஊர் நோக்கி ஓட வேண்டும் என்று குறிப்பிடவில்லை என்பதை அதன் பிறகுதான் கவனித்தோம்.

என் மகளின் கட்டிலில் இப்போது வேறொரு பெண் படுக்கிறாள். வரிசையில் நின்ற பதினைந்து பேரில் முதல் ஆள். மகள் காப்பாளர் அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தாள். "நான் கேட்டப்ப வேண்டாம்னு சொன்னவதானே நீ?" என்றாளாம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் மொழி நேரானது. இப்போது மகள் துணிப் பிரிவிலேயே, வெளுத்து வந்த விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருகிறாள். மாப்பிள்ளை வாசலில் நின்று, "வாங்க, உட்காருங்க" என்கிறார்.

சேவை எப்படி இருந்தது என்று கேட்டால், சுருக்கமாக இருந்தது என்பேன். ஆனால் அதன் பயன் நீண்டது. அந்த வருஷமே மேலாளருக்கு 'மக்கள் குரல்' விருது கிடைத்தது. பெறப்பட்ட கோரிக்கைகள் இரண்டு, நிறைவேற்றப்பட்டவை இரண்டு, நூற்றுக்கு நூறு. நாட்டில் எந்த வட்டாரமும் தொடாத உயரம். விருதோடு பதவி உயர்வும் வந்தது. அவருக்கு எங்கள் நடைமேடையிலேயே பிரிவு உபசார விழா நடத்த வேண்டும் என்று நிர்வாகம் விரும்பியது. சாதனை நிகழ்ந்த இடம் அல்லவா? நாற்காலி போட்டார்கள், ஒலிபெருக்கி கட்டினார்கள். மேலாளர் காரில் வந்தார். வேறு எதில் வருவார்?

ஊர்க்காரர்கள் ஓரமாக நின்றார்கள். மாப்பிள்ளை கையில் கரியோடு கடை வாசலிலேயே நின்றார். மகள் வரவில்லை. வேலை நாள்.

மேலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். அன்றைக்கு அவர் குரல் கனமாக இல்லை.

"இத்தனை நாள் யார்கிட்டயும் சொன்னதில்ல. இந்த வட்டாரத்துக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு. விருந்தினர் விடுதில ஒத்தை அறை. மனைவி, பொண்ணு எல்லாம் சொந்த ஊர்ல. மாசத்துக்கு ஒரு தடவை போவேன். போன மாசம் கதவைத் தட்டினேன். என் பொண்ணு திறந்து பார்த்துட்டு, 'அம்மா, உன்னைத் தேடி யாரோ வந்திருக்காங்க'ன்னு உள்ள குரல் குடுக்கறா. விருது குடுத்தப்ப மேலிடத்துல, 'உனக்கு என்ன வேணும், கேளு'ன்னாங்க. சொந்த ஊருக்கு மாற்றல் வேணும்னேன். குடுத்துட்டாங்க. நாளையிலேருந்து தினமும் என் வீட்டுல சாப்பிட்டு, என் வீட்டுல படுப்பேன். குடும்பத்தைப் பிரிஞ்சிருக்கறது எவ்வளவு பெரிய கொடுமைன்னு இங்க இருக்கற தாய்மார்களுக்குப் புரியும்."

அவர் அழுதார். நிஜமாகவே அழுதார், கண்ணுகளா. பொய்யழுகை எனக்குத் தெரியும். இது அது இல்லை.

அடுத்து நன்றியுரை. திருத்தம் வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அசையவில்லை. அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அவர் யாருடைய தாளையும் திருத்துவதில்லை. "நீங்க பேசுங்கம்மா, உங்களுக்குத்தான் நல்லாப் பேச வருமே" என்று உதவியாளர் என் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தார். அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

"ஐயாவுக்கு எங்க ஊரோட நன்றி" என்று ஆரம்பித்தேன். "நாங்க கூரை கேட்டோம். விளக்கு கேட்டோம். குழாய் கேட்டோம். அதெல்லாம் காதுல விழாத ஆபீஸ்ல, எங்க மனசுல இல்லாத ஒண்ணு மட்டும் ஒரே வாரத்துல விழுந்துச்சு. அவ்வளவு கூர்மையான காது யாருக்கும் வாய்க்காது."

சிலர் கைதட்டினார்கள். மேலாளர் அடக்கத்தோடு தலையசைத்தார்.

"ஊருக்கு எப்பங்க கிளம்பறீங்க?"

"நாளைக்குக் காலையிலம்மா. ரயில்லதான்."

"இடம் கிடைச்சுதுங்களா?"

"கிடைச்சுதும்மா. நல்ல இடமாவே கிடைச்சுது."

"சந்தோஷம். பத்திரமாப் போங்க. உங்க பொண்ணைக் கிட்ட உக்கார வச்சு நல்லாப் பேசுங்க, இனிமே முகம் மறக்காது. உங்க வீட்டம்மாகிட்ட மட்டும் ஒண்ணை மறைக்காம சொல்லிடுங்க ஐயா. நீங்க உக்காந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது, என் மகளோட சீட்டுல."